உப்புவெளி வளவில் நாட்டு மரங்களும் ஒரு நாயும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் 20 பேர்ச் வளவு, கடலிலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர், மணல் தரை, சற்று உவர்ப்பான கிணறு. லாப்ரடோர் கலப்பில் ஒன்றரை வயது நாய் ஒன்று நிற்கிறது. நட்ட கன்றையெல்லாம் கிண்டிப் போடுகிறது. குரோட்டனையும் புற்தரையையும் எடுத்துவிட்டு நம் வரண்ட வலயத்து மரஞ்செடிகளை வைத்து, குருவியும் வண்ணத்துப்பூச்சியும் வர வேண்டும், நாயும் அதே வளவில் ஓடித் திரிய வேண்டும் என்கிறீர்கள். கேட்டது ‘நாய்க்கு ஆபத்தில்லாத நாட்டுச் செடிகளின் பட்டியல்’. அதற்கடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: நாயைக் கட்டிப்போடாமல் இந்தத் தோட்டம் வருமா? வரும். ஆனால் செடிப் பட்டியலில் தொடங்கினால் வராது; நாய் நடக்கிற தடத்தில் தொடங்க வேண்டும். நான் தாவரம் படித்து அதையே தொழிலாகச் செய்பவன், மிருக வைத்தியன் அல்லன். மருந்தின் பெயரும் அளவும் வருகிற இடத்தில் உங்கள் மிருக வைத்தியர் சொல்வதே முடிவு.

முதலில் ஒரு நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். ‘நம்மூர்ச் செடிதானே, நாய்க்கு ஒன்றும் செய்யாது’ என்று எழுதியிருந்தீர்கள். நாயைக் கொல்லக்கூடிய செடிகளில் பல நம்மூர்ப் பற்றைக்காட்டில்தான் நிற்கின்றன. கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு. கிண்டுகிற நாய்க்கு அதைவிட மோசமான செடி வேறில்லை, ஏனென்றால் நஞ்சு மிகுந்த பகுதி அது கிண்டுகிற ஆழத்திலேயே கிடக்கிறது. தின்ற சில மணித்தியாலத்தில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும். வயிறு தேறியதுபோலத் தெரிந்த பிறகும் அடுத்த நாட்களில் உள்ளுறுப்புகள் கெடும். எட்டி மரத்து விதையில் ஸ்ட்ரிக்னின். உடம்பு விறைத்து வலிப்பு வரும். குன்றிமணி முழுதாக விழுங்கப்பட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து உடைத்தால்தான் நஞ்சு இறங்கும். எருக்கலம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு மூன்றும் வெறும் நிலத்தில் தானாக முளைப்பவை. நட வேண்டியதே இல்லை, மாதம் ஒருமுறை பார்த்துப் பிடுங்கினால் போதும்.

வீட்டோடு ஒட்டி நிற்கிற அலரிதான் நடைமுறையில் பெரிய தொல்லை. பூசைக்குப் பூ வேண்டுமென்று திருகோணமலையில் பாதி வீடுகளில் சிவப்பு அலரியோ மஞ்சள் அலரியோ நிற்கும். இரண்டும் வெளியிலிருந்து வந்தவை, இரண்டும் இதயத்தைத் தாக்குபவை. இலை, பூ, பட்டை, விதை எதுவும் விலக்கல்ல. பச்சை இலையின் கசப்பால் நாய் அதை அநேகமாகத் தொடாது. ஆபத்து வெட்டிப்போட்ட கிளையில் இருக்கிறது. காய்ந்தாலும் நஞ்சு போகாது. தடி என்று நினைத்து நாய் கவ்விக்கொண்டு போய்க் கடித்துக்கொண்டிருக்கும். அலரியை எடுக்க மனமில்லையென்றால் முன் மதிலுக்கு வெளிப்பக்கம் மாற்றுங்கள்; கத்தரித்த அன்றைக்கே துண்டுகளைச் சாக்கில் கட்டி அகற்றுங்கள், குப்பைக் குழியில் போட்டு மூடாமல் விடாதீர்கள். சட்டியில் வைக்கிற சைகஸ் செடியும் இதே வகை. அதன் விதை ஈரலை அழிக்கும். உங்கள் படத்தில் பின்வேலிக் கதியாலாகச் சீமைக்கிளுவை நிற்பதுபோலத் தெரிகிறது. ஆடும் மாடும் அதைத் தின்னும், அதனால் எல்லா விலங்குக்கும் நல்லது என்று எண்ணுவார்கள். அசைபோடாத விலங்குகளுக்கு அது நஞ்சு; பட்டையையும் விதையையும் எலி கொல்லப் பயன்படுத்தும் நாடுகள் உண்டு. தடி கடிக்கிற நாய் நிற்கிற வளவில் அதற்குப் பதிலாகக் கிளுவையும் பூவரசும் ஊன்றுவது நல்லது.

இங்கே உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அலரி, கார்த்திகைப்பூ, ஆமணக்கு, எட்டி, சைகஸ் இவை நாயைக் கொல்லும் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்தில்லை. நம் காட்டு மரங்களில் பலவற்றுக்கு நாயை வைத்து ஆய்வு நடந்ததில்லை. மனிதர், மாடு, ஆடு தின்றதை வைத்தே நாம் ஊகிக்கிறோம். ஆகவே கீழே நான் ‘நடலாம்’ என்று சொல்கிற செடிகள் நீண்டகாலமாக வீட்டுவளவில் நாயோடு நின்று கெடுதி செய்யாதவை என்ற பொருளில்தான். எவ்வளவு தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று எந்தச் செடிக்கும் யாரும் எழுதித்தர முடியாது. கற்றாழை ஒரு நல்ல எடுத்துக்காட்டு: மனிதருக்கு மருந்து, நாய்க்கு அதன் மஞ்சள் பால் வாந்தியும் வயிற்றோட்டமும் தரும்.

இனித் தடம். ஒரு கிழமை காலையும் மாலையும் நாயைப் பாருங்கள். கேற்றிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து பின்வேலி, வேலியோரமாகச் சுற்றி மறுபடி கேற் என்று ஒரு கோடு மணலில் விழுந்திருக்கும். காவலுக்குச் சுற்றுவது நாயின் இயல்பு. அந்தக் கோட்டில் எதை நட்டாலும் மிதிபடும். எனவே வேலிக்கும் செடிக்கும் நடுவில் 75 முதல் 90 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெறும் பாதை விடுங்கள். செடிப்பாத்தி அதற்கு உட்புறம். பாதை திரும்புகிற மூலையைச் சதுரமாக விடாமல் வளைவாக வெட்டுங்கள், ஏனென்றால் ஓடுகிற நாய் மூலையைக் குறுக்கால் வெட்டும். பாத்தியின் ஓரத்தில் வெட்டிவேரை 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு வரிசை வைத்தால் ஆறேழு மாதத்தில் அது ஒரு தாழ்ந்த மதில்போல எழும். கல் அடுக்கினால் பாய்ந்து தாண்டும். அடர்ந்த புல்லுக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பாதையில் அறுகம்புல்லைத் தானாகப் படரவிடுங்கள். மிதித்தாலும் காய்ந்தாலும் ஒரு மழைக்கு எழும்புகிற புல் அது. நாய் இடைக்கிடை அதைக் கடித்துவிட்டுச் சத்தியெடுத்தால் பதற வேண்டாம். நாளுக்கு ஒன்றிரண்டு தரத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

கிண்டுவதைத் தடுக்க முடியாது, இடம் மாற்ற முடியும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் என்கிற வரண்ட காற்று அடிக்கிறபோது மேல்மணல் கொதிக்கும்; ஒரு அடிக்குக் கீழே ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். நீங்கள் தண்ணீர் விட்ட கன்றடியில் அது இன்னும் குளிர்ச்சி. நாய் கிண்டுவது குறும்புக்கு என்று நினைத்து அடிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நிழலான ஒரு மூலையில் 1.2 மீற்றர் நீள அகலமும் 45 சென்ரிமீற்றர் ஆழமுமாக ஒரு குழி வெட்டி ஆற்றுமணலால் நிரப்புங்கள். காலை, பின்னேரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். முதல் பத்துநாள் அதற்குள் ஒரு பந்தையோ ஒரு துண்டு பிஸ்கட்டையோ புதைத்துக் காட்டினால் பழகிவிடும். குழியின் இடத்தை நீங்கள் நினைத்தபடி தெரிவுசெய்ய வேண்டாம். ஏற்கனவே அது படுக்கிற நிழலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம், தேங்காய் விழும்.

சிறுநீரால் செடி கருகுவதைப் பலர் ‘அமிலம்’ என்பார்கள். காரணம் நைதரசனும் உப்பும் ஒரே இடத்தில் அளவுக்கு மிஞ்சிச் சேர்வது. உங்கள் கிணறு ஏற்கனவே உவர்ப்பு என்பதால் கோடையில் இந்த உப்பு கழுவப்படாமல் வேரடியில் நின்றுவிடும். நாய் பெய்த இடத்தில் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தப்பும். மறுநாள் ஊற்றிப் பயன் குறைவு. சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள், அது உதவாது. ஆண் நாய் நிமிர்ந்து நிற்கிற புதுப்பொருளைத்தான் தேடும்; ஊன்றுகோலோடு நட்ட கன்று அதற்கு ஓர் அழைப்புக் கடிதம். ஆகவே பாதையோரத்தில், கேற்றுக்குப் பக்கமாக, முழங்கால் உயரத்தில் ஒரு பனங்குற்றியை நட்டுவிடுங்கள். அது அங்கே குறிவைக்கப் பழகினால் கன்றுகள் ஓரளவு தப்பும்.

நடுகைக்குக் காலம் ஒன்றுதான்: ஐப்பசி தொடங்கி கார்த்திகை நடுப்பகுதி வரை. நமக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் வேர் இறங்கிவிட்டால் கன்று முதல் கச்சானைத் தாங்கும். பங்குனியில் நட்ட கன்றை நீங்கள் வாளியும் கையுமாகக் காக்க வேண்டிவரும். மணல் தரைக்கு 60 சென்ரிமீற்றர் நீளம், அகலம், ஆழம் கொண்ட குழி. அடியில் ஒருநாள் ஊறவைத்த பொச்சுமட்டையை உட்குழிவு மேலே பார்க்கும்படி இரண்டு வரிசை அடுக்குங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதன்மேல் மேல்மண் இரண்டு பங்கு, குளத்து வண்டலோ செம்மண்ணோ ஒரு பங்கு, உக்கின மாட்டெருவோ இலைக்கூளமோ ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். மட்டையைக் குழியின் அடியில் மட்டும் வையுங்கள். மேலே மூடாக்காகத் தும்பையும் மட்டையையும் போட்டால் நாய் இழுத்துக் கடிக்கும். விழுங்கிய தும்பு குடலில் திரண்டு அடைக்கும். மூடாக்குக்குக் காய்ந்த இலையே சிறந்தது. பூவரசு, வேம்பு, மா எதுவாகவும் இருக்கலாம், நான்கு விரற்கடை தடிப்பு போதும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கன்றைச் சுற்றி அரை மீற்றர் தள்ளி நான்கு தடி ஊன்றி, ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிடுகையோ பழைய மீன்வலையையோ சுற்றுங்கள். வலை என்றால் தரையோடு இறுக்கிக் கட்டுங்கள், தொய்ந்த வலையில் நாயின் நகமும் பாம்பும் ஓணானும் சிக்கும். கம்பிவலை வைத்தால் அறுத்த முனைகள் நாயின் கண்ணுக்கு நேரே நிற்கும், உள்ளே மடித்துவிடுங்கள். தண்டு மணிக்கட்டுப் பருமன் வரும்வரை இந்தக் கூடு நிற்கட்டும். முதல் கோடையில் மூன்று நாளுக்கொரு தரம் 10 முதல் 15 லீற்றர். இதைவிடச் சிக்கனமானது முட்டி வைப்பது: அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்முட்டியைக் கழுத்துவரை கன்றடியில் புதைத்து, நிரப்பி, சிரட்டையால் மூடிவிடுங்கள். மூடாமல் விட்டால் நாய் குடிக்கும், நுளம்பும் முட்டையிடும்.

எதை நடுவது? கடற்காற்று நேராக அடிக்கிற கிழக்குப் பக்கத்தில் புன்னையும் பூவரசும். இரண்டும் உப்பைத் தாங்குபவை, அவற்றின் நிழலில்தான் மற்றவை எழும்பும். வேலிக்கு வெளியே மணலாக இருந்தால் அடம்பன்கொடியைத் தானாக ஓடவிடுங்கள். பெரிய மரம் 20 பேர்ச்சில் இரண்டுக்கு மேல் வேண்டாம். வீட்டுச் சுவர், கிணறு, மலசலக்குழி மூன்றிலிருந்தும் 6 மீற்றராவது தள்ளி. என்னைக் கேட்டால் ஒன்று நாவல், மற்றது சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல என்கிற இந்த மரத்தை ஆங்கிலேய மரவியாபாரிகள் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய ஊரில் வீட்டுவளவில் அதைக் காண்பது அரிது. நேராக வளரும், அதிக இடம் பிடிக்காது. பாலையும் வீரையும் ஆசையான மரங்கள்தான், ஆனால் மிக மெதுவாக எழும்புபவை. பாலை நிழலில் இந்த நாய் படுக்காது, இதற்கு அடுத்ததற்கு அடுத்த நாய் படுக்கும். அது தெரிந்து நட்டால் நடுங்கள். நடுத்தர உயரத்துக்குத் திருக்கொன்றை, விளா, நொச்சி. கொன்றைக் காயின் சதை பேதிமருந்து, விழுந்ததைப் பொறுக்கிவிடுங்கள். பற்றைக்கு வெட்சி, ஆவாரை, ஆடாதோடை, கறிவேப்பிலை. கன்றுகளை வனத்திணைக்கள நாற்றுமேடையிலோ தெரிந்த நாற்றுக்காரரிடமோ வாங்குங்கள். காட்டில் பிடுங்கி வருவது சட்டப்படியும் பிழை, ஆணிவேர் அறுந்து பிழைப்பதும் அபூர்வம்.

பசளையும் மருந்தும் செடியைவிடப் பெரிய ஆபத்து. ஆமணக்கம் புண்ணாக்கில் ரிசின் நஞ்சு மிஞ்சியிருக்கும், நாய்க்கு அதன் மணம் தீன்போல. அதை வளவுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். வேப்பம் புண்ணாக்கு கசப்பதால் நாய் அநேகமாகத் தொடாது. மீன்தலை, குடலைக் கன்றடியில் புதைப்பது நம் ஊரில் வழக்கம். நாய் நிற்கிற வளவில் அது கன்றைக் கிண்டச் சொல்லி நீங்களே அழைப்பதுதான், எலும்புத்தூளும் அப்படியே. மீன்கழிவை மூடிபோட்ட வாளியில் இலைகுழையோடு உக்கவைத்துப் பிறகு போடுங்கள். மழைக்குப் பெரிய நத்தைகள் ஏறும்போது கடையில் தருகிற நத்தைக் குருணையில் மெற்றல்டிகைட் இருந்தால் வாங்காதீர்கள், வலிப்பு வந்து சாகும். நத்தையை இரவில் டோர்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்கி உப்புநீரில் போடுவதே வழி. எலிப்பாசாணமும் வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூவைவிடப் புழு தின்னும் இலைதான் முக்கியம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் கறுப்பு அழகிகள் முட்டையிடும், ஆவாரையில் மஞ்சள் பூச்சிகள், எருக்கலையில் செம்மஞ்சள் வரியன். சிவப்பு உடம்புள்ள அழகி வண்ணத்துப்பூச்சிக்கு ஈஸ்வரமூலிக் கொடி வேண்டும். அந்தக் கொடி சிறுநீரகத்துக்கு நஞ்சு. எருக்கலையும் ஈஸ்வரமூலியும் கட்டாயம் வேண்டுமென்றால் நாய் போகாத முன்மதிலோரத்தில் இரண்டடி அகலத்துக்கு ஒரு துண்டை வலையடைத்து அதற்குள் வையுங்கள். பூச்சிக்கு வலை ஒரு தடையல்ல. முருங்கை நின்றால் மழை தொடங்கி சில கிழமையில் தண்டில் மயிர்க்கொட்டி திரளாக ஏறி ஒட்டியிருக்கும். நாய் மூக்கை வைத்தால் வாய், நாக்கு, உதடு வீங்கும். அந்தக் கிழமைகளில் தண்டைச் சுற்றி அடைத்துவிடுங்கள். குருவிக்குத் தண்ணீர்ச்சட்டி நாயின் மூக்குக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் போகாமல். இரண்டு நாளுக்கொரு தரம் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு படுத்திய பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள்.

உண்ணியைப் பற்றி ஒரு தவறான பயம் உண்டு: செடி அடர்ந்தால் உண்ணி கூடும் என்று வெட்டித் தள்ளுவார்கள். நம் வீட்டு நாய்களில் மிகுதியாகக் காணும் கபிலநிற உண்ணி பற்றையைவிட வீட்டையே விரும்பும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவரில் ஏறி, சீமெந்து வெடிப்பிலோ கதவுநிலையிலோ கூட்டின் பலகை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கிற சுவரை முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், தலைக்கு மேலேயும் பாருங்கள். வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்துச் சுண்ணாம்படியுங்கள். குஞ்சும் வளர்ந்ததும் பல மாதம் பட்டினி கிடந்து காத்திருக்கும், ஆகவே ஒருமுறை குளிப்பாட்டி முடித்துவிட முடியாது. மாதத்துக்கொன்றோ மூன்று மாதத்துக்கொன்றோ கொடுக்கும் மெல்லுகிற மாத்திரையை வைத்தியர் எடை பார்த்துத் தருவார், இடைவிடாமல் கொடுக்க வேண்டும். மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கி ஊற்றுவது, மண்ணெண்ணெய் பூசுவது, உள்ளி தின்னக் கொடுப்பது மூன்றும் கெடுதி. உள்ளி நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வேப்பிலை அவித்த தண்ணீர் கொஞ்சம் உதவலாம் என்பார்கள்; அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பல்முரசு வெளிறினால், சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனால், மூக்கால் இரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று கொண்டு அன்றைக்கே காட்டுங்கள்.

பாம்பு வரும். நாட்டுத் தோட்டம் என்றால் ஓணானும் தவளையும் எலியும் பாம்பும் சேர்ந்துதான். கரையோர மணலில் சுருட்டை விரியன், உள்ளே வயல்பக்கம் கண்ணாடிப் புடையன், எங்கும் நாகம். சிறியாநங்கை வைத்தால், வெங்காயம் கட்டினால் பாம்பு வராது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. பயன்படுவது இவைதான்: பற்றைகளின் அடியை ஒரு அடி உயரத்துக்குக் கத்தரித்துத் தரை தெரியவிடுவது, விறகுக்குவியலை வீட்டிலிருந்தும் நாயின் தடத்திலிருந்தும் தள்ளி வைப்பது, இரவில் நாய்ச்சோற்று மிச்சத்தை வைக்காமல் எடுத்துவிடுவது. மிச்சச் சோற்றுக்கு எலி, எலிக்குப் பாம்பு. கடித்தால் கீறவும் கட்டவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கி வாகனத்தில் ஏற்றுங்கள். தேரையை வாயில் கவ்வி நுரை தள்ளினால் தலையைக் கீழே சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குப் போகாதபடி பக்கவாட்டில் குழாயால் ஐந்து பத்து நிமிடம் கழுவி, நாக்கை ஈரத்துணியால் துடையுங்கள். நாயின் மலத்தை உரக்குழியில் போடாதீர்கள். மணல் தரையில் கொக்கிப்புழுக் குஞ்சு வெறுங்காலில் ஏறி, தோலுக்கடியில் வளைந்து வளைந்து போகிற சொறியைத் தரும். அன்றன்று அள்ளி, கிணற்றிலிருந்து 15 மீற்றராவது தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

வெளியே கூட்டிப்போவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடற்கரைக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் போய் ஏழரைக்குள் திரும்புங்கள். புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும். நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல்நீர் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். நம் கரைக்கே உரிய ஆபத்து கரைவலை. வலை இழுத்துத் தரம் பிரித்தபின் பேத்தை மீனை மணலிலேயே எறிந்துவிடுவார்கள். ஊதிப் பந்துபோலக் கிடக்கிற அந்த மீன் காய்ந்து கருவாடாகிப் போனாலும் நஞ்சு அப்படியே இருக்கும். கடித்து விழுங்கிய நாய்க்குக் கால்கள் தளர்ந்து, தள்ளாடி, மூச்சு நின்றுபோகும். முறிவு மருந்து கிடையாது, வைத்தியர் மூச்சைத் தாங்கிப் பிடித்தால் உண்டு. ஆகவே கரைவலை இழுக்கிற இடத்தில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். ‘விடு’ என்றால் வாயில் உள்ளதைப் போடப் பழக்குவது நீங்கள் நடுகிற எந்த மரத்தையும்விட அவசரமானது.

திருகோணமலைக் கோட்டைப் பக்கம் போனால் புள்ளிமான்கள் வீதியிலேயே நிற்கும். நாய் துரத்தாமல் குரைத்தாலே மான் மிரண்டு வாகனத்தில் விழும், கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்காக்களுக்குள் நாயைக் கொண்டுபோகச் சட்டம் இடம் தராது. கந்தளாய், தம்பலகாமம் பக்கக் குளங்களில் முதலை உண்டு. கரையில் தண்ணீர் குடிக்கக் குனிகிற நாயைத்தான் அது முதலில் பிடிக்கும். காட்டோரத்தில் யானையைக் கண்டால் நாய் குரைத்துச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடிவரும், யானை பின்னாலே வரும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும், தீனுக்குள் ஒளித்த ‘ஹக்கபட்டாஸ்’ என்கிற வெடியும் அந்தப் பக்கங்களில் நாயின் வாய்க்கும் எமன். இயற்கையை நாயோடு ரசிக்க அந்த இடங்களை விட்டு, உங்கள் வளவும் விடியற்காலைக் கரையும் போதும் என்பதே என் கருத்து.

எதையாவது தின்றுவிட்டது என்று ஐயம் வந்தால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்காதீர்கள், உப்பே கொல்லும். செடியின் இலை, காய், வாந்தி மூன்றிலும் கொஞ்சம் பொலித்தீன் பையில் எடுங்கள், தின்ற நேரத்தையும் நாயின் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள், கொண்டுபோங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போக நாலைந்து மணித்தியாலம் ஆகும், ஆகவே திருகோணமலையில் இரவில் தொலைபேசி எடுக்கிற வைத்தியர் ஒருவரின் இலக்கத்தை இப்போதே குசினிச் சுவரில் ஒட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் ஆண்டுக்கொரு தரம். மழைக்கு முன் போட்டால் நல்லது.

கடைசியாக, புலுனிக் குஞ்சு தரையில் விழுந்தால் நாயிடமிருந்து எப்படிக் காப்பது என்று கேட்டிருந்தீர்கள். இறகு முளைத்துத் தத்தித்தத்திப் போகிற குஞ்சு விழுந்தது அல்ல, பறக்கப் பழகுகிறது; தாயும் கூட்டமும் பக்கத்துக் கிளையிலிருந்து கத்திக்கொண்டே ஊட்டும். அதைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெட்சிப் பற்றைக்குள் வைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் நாயைப் பின்பக்கத்தில் மறித்துவையுங்கள். நாலாம் நாள் குஞ்சு கிளைக்கு ஏறியிருக்கும், பிறகு கதவைத் திறந்துவிடலாம்.